மலாவிக்குக் கிளம்பும் முன்: இராமநாதபுரம் கடற்கரைக் குறிப்புகள்

மார்ச் 5, வியாழன் – தேவிபட்டினம்

மலாவி நாட்டில் நிலக்கடலை பயிரிடும் குடும்பங்களிடம் பூசண நஞ்சைப் பற்றியும், அது விளைபொருளில் ஏறாமல் காக்கும் வழிகளைப் பற்றியும் பேச வரவேண்டும் என்று ஒரு தன்னார்வ அமைப்பு என்னை அழைத்திருக்கிறது. ஊதியம் கிடையாது, தங்குமிடமும் சாப்பாடும் அவர்கள் பொறுப்பு. மதுரையில் ஏற்றுமதிக்குப் போகும் மிளகாய் வற்றலையும் நிலக்கடலைப் பருப்பையும் சோதிக்கும் ஆய்வகத்தில் வெகுகாலம் வேலை பார்த்தவள் என்பதால் இந்த அழைப்பு வந்தது. ஆனால் ஆய்வகத்துக்கு வரும் பொருள் பொட்டலமாகத்தான் வரும். அது எந்தக் களத்தில் காய்ந்தது, எந்த இரவில் நனைந்தது, எத்தனை பேர் கைபட்டு வந்தது என்பதற்கெல்லாம் அறிக்கையில் கட்டம் கிடையாது. அந்தப் பாதியைக் கண்ணால் பார்க்காமல் கடல் கடந்து போய் ஒருவருக்குப் பாடம் சொல்ல எனக்கு மனம் ஒப்பவில்லை. முண்டு மிளகாய் களத்தில் காயும் பருவம் இது. ஆகவே கிளம்புவதற்கு முன் சில நாட்கள் இந்தக் கடற்கரையில் செலவழிக்க வந்திருக்கிறேன்.

விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கடலை, மக்காச்சோளம், வற்றல் போன்றவற்றில் ஆஸ்பெர்ஜில்லஸ் ஃப்ளேவஸ் என்னும் பூசணம் வளரும்போது உண்டாகும் நஞ்சுக்கு அஃப்ளாடாக்சின் என்று பெயர். 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் செத்து விழுந்தபோது, அவற்றுக்குத் தீனியாகப் போட்ட பிரேசில் நாட்டுக் கடலைப் பிண்ணாக்கில்தான் இது முதன்முதலாகப் பிடிபட்டது. 1974-இல் இராஜஸ்தானிலும் குஜராத்திலும் பூசணம் பிடித்த மக்காச்சோளத்தைத் தின்று நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். 2004-இல் கென்யாவிலும் பூசணம் பிடித்த மக்காச்சோளத்தால் 317 பேர் நோயுற்று, 125 பேர் இறந்தார்கள். இவையெல்லாம் ஒரேயடியாக நிறைய நஞ்சு உள்ளே போனதால் நேர்ந்தவை. சிறுகச் சிறுக ஆண்டுக்கணக்கில் சேர்ந்தால் அது ஈரல் புற்றுநோயில் கொண்டுபோய் விடுகிறது. கொதிக்க வைத்தாலும் வறுத்தாலும் முழுவதுமாக அழிவதில்லை என்பதால், சமையலறைக்கு வந்துவிட்ட பிறகு யாராலும் பெரிதாக ஒன்றும் செய்ய இயலாது. செய்ய வேண்டியதெல்லாம் வயலிலும் களத்திலும்தான் இருக்கிறது.

பேருந்திலிருந்து இறங்கும்போது வெயில் சுள்ளென்று இருந்தது. கடலுக்குள் நிற்கும் நவபாஷாணத்தைப் பார்க்க வந்த வெளியூர்க் கூட்டம் கரையோரக் கடைகளில் இளநீர் குடித்துக்கொண்டிருந்தது. டீக்கடையில் விசாரித்ததும், கடைக்காரரே ஒரு பையனை எனக்குத் துணையாக அனுப்பி வைத்தார். டீக்கு 12 ரூபாய் வாங்கிக்கொண்டவர், வழிகாட்டிய பையனுக்குக் காசு கொடுக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

ஊருக்கு மேற்கே, சீமைக்கருவேலம் வெட்டித் திருத்திய நிலத்தில் சாணம் மெழுகிய ஒரு களம். பறித்து வந்த மிளகாய்ப் பழம் முதலில் இரண்டு நாள் குவியலாகவே கிடக்கிறது. பாதி பழுத்ததும் முழுதாய்ப் பழுத்ததும் ஒரே நிறத்துக்கு வருவதற்காக அப்படிச் செய்கிறார்கள். பிறகுதான் பரப்புகிறார்கள். முண்டு மிளகாயின் தோல் தடித்தது. நன்றாகக் காய்ந்த ஒன்றை எடுத்துக் காதருகே குலுக்கினால் உள்ளே விதை கலகலவென்று சத்தம் போடும். சத்தம் வராத ஒன்றைப் பிளந்து பார்த்தேன். வெளித்தோல் பளபளவென்று சிவந்திருக்க, காம்புக்குக் கீழே விதை ஒட்டியிருக்கும் இடத்தில் சாம்பல் நிறத்தில் மெல்லிய நூல் படர்ந்திருந்தது. கண்ணுக்குத் தெரியும் எல்லாப் பூசணமும் நஞ்சு உண்டாக்குவதில்லை. நஞ்சு ஏறிய எல்லாக் காயிலும் பூசணம் கண்ணுக்குத் தெரிவதுமில்லை. ஆனால் ஈரம் தங்கும் இடம் எதுவென்று அந்த ஒற்றைக் காய் காட்டிவிட்டது.

களத்துக்காரர் அறுபது வயது மதிக்கத்தக்கவர். என் ஈரமானியை வாங்கிப் பார்த்துவிட்டு, "சாயங்காலம் பாத்தா நல்லாத்தான் காட்டும். விடிகாலைல வந்து பாருங்க தாயி, அப்பத்தான் தெரியும்" என்றார்.

மார்ச் 6, வெள்ளி – மறுபடியும் களம், பிறகு ஆர்.எஸ். மங்கலம்

விடிகாலை ஐந்தரை மணிக்கு அவர் சொன்னபடியே போய் நின்றேன். இராமநாதபுரத்திலிருந்து ஆட்டோவுக்கு 400 ரூபாய் கேட்டார்கள். பேரம் பேசும் நேரமில்லை. கடற்காற்று நின்றுபோன அந்த வேளையில் களத்தின் ஓரத்துப் புல் முழுவதும் பனி கோத்திருந்தது. மாலையில் 12 சதவீதம் காட்டிய மேல்பரப்பு வற்றல் காலையில் 15-க்கு மேல் காட்டியது. மூடி வைத்திருந்த குவியலின் நிலைமை வேறு விதமாக இருந்தது. தார்ப்பாயைத் தூக்கியதும் அதன் உள்பக்கம் முழுக்க நீர்முத்து. பகல் வெயிலின் சூடு உள்ளே இருக்க, மேலே பாய் குளிர்ந்து, வற்றலின் ஈரமே பாயில் வேர்த்து மறுபடி வற்றல் மேல் சொட்டியிருக்கிறது.

"மூடலைன்னா பனி நனைக்கும், மூடினா வேர்வை நனைக்கும். எதைத் தாயி செய்யச் சொல்றீக?" என்று அவருடைய மனைவி கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை, பதில் இருந்தால் செய்து பார்க்கத் தயாராக இருப்பவர் கேட்ட கேள்வி அது. வெயில் தாழ்ந்ததும் உடனே மூடாமல், குவியலைக் கிளறிச் சூடு ஆறவிட்டு, பாய்க்கும் குவியலுக்கும் நடுவில் பழைய சாக்குகளை விரித்தால் சொட்டும் நீரைச் சாக்கு உறிஞ்சிக்கொள்ளும் என்றேன். அவர் அங்கேயே கணவரிடம் சாக்குகள் எங்கே கிடக்கின்றன என்று கேட்கத் தொடங்கிவிட்டார். பழைய சோறும், சுட்ட வற்றலும், கெட்டித் தயிரும் கொடுத்தார்கள். அந்த வற்றலைக் கடித்தபோது காரத்தை விட அதன் மணம்தான் முன்னால் வந்தது. 2023-இல் இந்த மிளகாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்ததை அவர் பெருமையோடு சொன்னார். விலையில் அது இன்னும் ஏறி வரவில்லை என்பதையும் சொன்னார்.

பத்து மணிக்கு மேல் ஆர்.எஸ். மங்கலம் பக்கம் ஒரு வத்தல் மண்டிக்குப் போனேன். உள்ளே நுழைந்த நொடியில் நெடி தொண்டையைப் பிடித்தது. கால் மணி நேரம் இருமிய பிறகுதான் பேச முடிந்தது. தரம் பிரிக்கும் பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேர், முந்தானையை மூக்கோடு சேர்த்து இறுகக் கட்டிக்கொண்டு, நல்ல சிவப்பை ஒருபுறமும் வெளுத்ததை மறுபுறமும் ஒதுக்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு நாள் கூலி 350 ரூபாய்.

சாக்கில் அடைக்கும் இடத்தில்தான் நான் பார்க்க வந்த காட்சி இருந்தது. பிரித்துக் குவித்த வற்றலின் மேல் ஒருவர் வாளித் தண்ணீரைக் கையால் அள்ளித் தெளித்துக்கொண்டிருந்தார். நாள்கணக்கில் வெயிலில் காயவைத்து, பனிக்கும் வேர்வைக்கும் பயந்து காத்த பொருளின் மேல், கடைசி நேரத்தில் தண்ணீர். எடை கூட்டுவதற்காகச் செய்கிறார்கள் என்றுதான் ஆய்வகத்தில் பேசிக்கொள்வோம். அந்த ஆசை எங்குமே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் தெளித்துக்கொண்டிருந்தவர் வேறு இரண்டு காரணங்களைச் சொன்னார். "மொறுமொறுன்னு இருக்கத அப்படியே சாக்குல போட்டு மிதிச்சா நொறுங்கிப் போகும். நொறுங்குனதுக்குப் பாதி வெலதான். அதோட, இந்தப் பொம்பளையாளுக இருமுறதப் பாத்தீகள்ல? தண்ணி தெளிச்சா நெடி அடங்கும்."

ஐரோப்பிய ஒன்றியம் மிளகாயில் அனுமதிக்கும் மொத்த அஃப்ளாடாக்சின் அளவு கிலோவுக்கு 10 மைக்ரோகிராம். அதிலும் மிகக் கொடிய பி1 வகை 5-ஐத் தாண்டக் கூடாது. ஒரு டன் வற்றலில் 10 மில்லிகிராம், ஒரு சிட்டிகை உப்பை விடக் குறைவு, இருந்தாலே சரக்கு எல்லையைத் தொட்டுவிடும். தெளித்த தண்ணீரோடு கட்டிய சாக்குகள் கிடங்கில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டு வாரக்கணக்கில் இருந்தால், நடுவில் உள்ள சாக்குகளில் என்ன நடக்கும் என்பதை என் ஆய்வக எண்கள் எனக்குப் பலமுறை சொல்லியிருக்கின்றன. இருந்தாலும், நெடியில் இருமும் பெண்களின் முன்னால் நின்றுகொண்டு "தண்ணீர் தெளிக்காதீர்கள்" என்று மட்டும் சொல்லிவிட்டு வர எனக்கு வாய் எழவில்லை. நல்ல முகமூடியும், காற்றை வெளியே இழுக்கும் விசிறியும், மிதித்து அடைக்காமல் அழுத்தி அடைக்கும் ஏற்பாடும் இருந்தால் அந்த வாளிக்கு அங்கே வேலை இருக்காது.

வெளுத்து ஒதுக்கிய வற்றல் எங்கே போகிறது என்று கேட்டேன். "தூளுக்கு" என்றார்கள். எந்தத் தூளுக்கு என்று மறுபடி கேட்டதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. கப்பலேறும் சரக்கைத்தான் சோதிக்கிறோம். ஒதுக்கப்பட்டது உள்ளூர்ச் சந்தையில் மலிவு விலைக்கு, சோதனையே இல்லாமல், ஏழைகளின் குழம்புக்குப் போகிறது. மலாவியிலும் இதே கதைதான். ஏற்றுமதிக்குத் தேறாத சுருங்கிய பருப்பும் உடைந்த பருப்பும் உள்ளூரில் விற்கப்படுகின்றன, இடித்து மாவாக்கிக் கீரைக் கறியில் சேர்க்கப்படுகின்றன. அந்தக் கறியைத்தான் குழந்தைகள் தினமும் சாப்பிடுகிறார்கள். நல்லதைப் பிரித்தெடுக்கக் கற்றுக்கொடுக்கும் வேலை, ஒதுக்கியதை என்ன செய்வது என்று சொல்லாமல் முடியுமானால், அது தீங்கை இடம் மாற்றும் வேலையாகிவிடும். இதை என் பாடக் குறிப்பின் முதல் பக்கத்தில் எழுதிக்கொண்டேன்.

மார்ச் 7, சனி – உச்சிப்புளி

இராமேசுவரம் சாலையில் உச்சிப்புளிக்கு உள்ளே மணற்பாங்கான தோட்டங்கள். கிணற்றுப் பாசனத்தில் தென்னைக்கு நடுவே கடலை போட்டிருந்த ஒரு குடும்பத்தைத் தெரிந்தவர் மூலம் முன்னரே கேட்டு வைத்திருந்தேன். காய் பறித்து முடிந்துவிட்டது. திண்ணையில் உடைப்பு நடந்துகொண்டிருந்தது. விதைக்கென்று வைக்கும் பருப்பை இயந்திரத்தில் கொடுத்தால் உடைந்துபோகும் என்பதால் கையால்தான் உடைக்கிறார்கள்.

அந்த வீட்டு அப்பத்தாவுக்கு எழுபதுக்கு மேல் வயது. வலது கைக் கட்டைவிரலில் பழைய சேலைத் துணியைச் சுற்றியிருந்தார். அவிழ்த்துக் காட்டச் சொன்னபோது தயங்கி, பிறகு காட்டினார். நகம் நடுவில் நீளவாக்கில் பிளந்து, ஓரத்துத் தோல் காய்ந்து வெடித்திருந்தது. காய்ந்த கடலை ஓட்டின் முனையை அழுத்தும்போது அந்த இடத்தில்தான் அழுத்தம் போய் விழுகிறது. அருகில் ஒரு அலுமினியச் சட்டியில் தண்ணீர் தெளித்து ஈரச் சாக்கால் மூடிய காய் கிடந்தது. "ராத்திரியே நனைச்சு வச்சுட்டா காலைல ஓடு மெத்துன்னு விட்டுக்குடுக்கும். இல்லாட்டி இந்த வெரல வச்சுக்கிட்டு என்னத்த உடைக்கிறது?" என்றார்.

மலாவியைப் பற்றிப் படித்த எல்லா அறிக்கைகளிலும் இந்த வரி இருந்தது: கையால் உடைக்க எளிதாக இருக்கும் என்பதற்காகப் பெண்கள் காயைத் தண்ணீரில் நனைக்கிறார்கள், அஃப்ளாடாக்சின் ஏறுவதற்கு அது முக்கியக் காரணங்களுள் ஒன்று. பயிற்சிக் கையேடுகள் அதன் அடியில் "நனைக்கக் கூடாது" என்று தடித்த எழுத்தில் போட்டுவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுகின்றன. அப்பத்தாவின் கட்டைவிரலைப் பார்த்த பிறகு அந்தத் தடித்த எழுத்துக்கு என்ன மதிப்பு இருக்கும் என்று எனக்கே தெரிகிறது. கடலைப் பருப்பின் ஈரம் 8 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும் என்பது உண்மைதான். காய்ந்த ஓட்டை நாள் முழுவதும் உடைக்க ஒரு மனுஷியின் விரலால் முடியாது என்பதும் அதே அளவு உண்மை. இரண்டாவது உண்மைக்கு ஒரு வழி செய்யாமல் முதலாவதைச் சொல்லிப் பயனில்லை. இந்தப் பயணத்தில் நான் தேடி வந்தது இதுதான் என்று இப்போது தோன்றுகிறது: ஈரம் எங்கிருந்து வருகிறது என்பதோடு நிறுத்தாமல், அதை யார், எந்த வலிக்குப் பயந்து, தாமாகவே சேர்க்கிறார்கள் என்று கேட்க வேண்டும்.

கையால் சுற்றும் உடைப்பான்கள் இருக்கின்றன. மாலி நாட்டுக்குப் போய்ப் பெண்கள் கடலை உடைக்கும் பாட்டைப் பார்த்த ஜாக் பிராண்டிஸ் என்பவர், அச்சில் சிமெண்டை வார்த்தே செய்துகொள்ளக்கூடிய ஒரு உடைப்பானை உருவாக்கினார். வெயிலில் நன்றாகக் காய்ந்த காயைத்தான் அது ஒழுங்காக உடைக்கும் என்பது எனக்குப் பிடித்த அம்சம். நனைத்துவிட்டால் கருவிக்கே ஆகாது, ஆகவே நனைக்காமல் இருப்பதற்கு யாரும் அதட்ட வேண்டியதில்லை.

மதியம் அவர்கள் வீட்டிலேயே சாப்பாடு. சூடை மீன் குழம்பும், முருங்கைக்கீரைப் பொரியலும். கீரையில் வறுத்த கடலையைப் பொடித்துத் தூவியிருந்தார்கள். மலாவியில் செய்வதும் ஏறக்குறைய இதுதான் என்று சொன்னதும் அப்பத்தாவுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. அங்கே சோற்றுக்குப் பதில் என்ன சாப்பிடுவார்கள் என்று கேட்டார். மக்காச்சோள மாவைக் கெட்டியாகக் கிண்டிச் செய்யும் களிதான் அவர்களுக்கு அன்றாட உணவு, அதற்கு நசிமா என்று பெயர் என்றேன். "அப்ப நம்ம கேப்பக்களி மாதிரி" என்று மருமகளிடம் சொல்லி, எனக்கு இன்னொரு துண்டு மீனை வைத்தார். கிளம்பும்போது பணம் கொடுக்க முயன்றேன், வாங்கவில்லை. ஒரு படி பருப்பை 150 ரூபாய்க்கு விலைக்கு வாங்கிக்கொண்டேன். அதிலும் இரண்டு கை அதிகமாகத்தான் விழுந்தது.

மார்ச் 8, ஞாயிறு – கீழக்கரை

நோன்பு மாதம் என்பதால் பகலில் ஊர் அடங்கிக் கிடந்தது. டீக்கடைகள் மூடியிருக்க, வெயிலில் நாக்கு வறண்டு நடந்த என்னைப் பார்த்து ஒரு வீட்டு வாசலில் நின்ற பெண் உள்ளே கூப்பிட்டு, தான் நோன்பிருந்துகொண்டே எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

தான்சானியாவின் தாருஸ்ஸலாம் நகரத்தில் பல வருடம் கணக்கெழுதிவிட்டுத் திரும்பி வந்த ஒரு பெரியவரைப் பார்ப்பதற்காகத்தான் இங்கே வந்தேன். ஊரார் எல்லாரும் காக்கா, அதாவது அண்ணன், என்று கூப்பிடும் அவரிடம், ஆப்பிரிக்கக் கிராமத்தில் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று கேட்டேன். மலாவி தான்சானியாவுக்குப் பக்கத்து நாடுதான். "போனவுடனே விஷயத்துக்கு வந்துடாதீங்க" என்றார். "அவுக நலம், வீட்டு நலம், ஆடு மாடு நலம், மழை எப்படி, எல்லாம் விசாரிக்கணும். அவுகளும் உங்ககிட்ட அதே மாதிரி விசாரிப்பாக. அதை அவசரப்படுத்துனா மருவாதி இல்லாத ஆளுன்னு முடிவு கட்டிருவாக. நாற்காலி போட்டா உக்காருங்க, தரையில உக்காருறேன்னு அடம் புடிக்காதீங்க; அவுக குடுக்குற மருவாதிய வாங்கிக்கிறதும் மருவாதிதான்." ஒரு மணி நேரப் பாடம் என்று நான் எழுதி வைத்திருந்ததில் விசாரிப்புக்கு ஐந்து நிமிடம் கூட ஒதுக்கப்படவில்லை. அங்கேயே உட்கார்ந்து பாடத்தின் கால அளவைத் திருத்தினேன்.

மாலையில் பாங்கு சொன்னதும் காக்காவின் வீட்டில் பேரீச்சம்பழமும் நோன்புக்கஞ்சியும் வந்தன. பாசிப்பருப்பும் வெந்தயமும் குழைந்து, தேங்காய்ப்பால் வாசத்தோடு, தொட்டுக்கொள்ளச் சூடான வடை. நாள் முழுவதும் அலைந்த வயிற்றுக்கு அதை விட இதமான ஒன்று இருக்க முடியாது. அவர் மனைவி, லாத்தா, எனக்காகத் தொதல் வாங்கி வரச் சொல்லியிருந்தார். கருப்பட்டியும் தேங்காய்ப்பாலும் அரிசி மாவும் சேர்த்து மணிக்கணக்கில் கிளறிச் செய்யும் அந்த இனிப்பு கெடாமல் இருக்கும், மலாவிக்கே கொண்டுபோய்விடலாம் என்றார்.

மார்ச் 9, திங்கள் – வாலிநோக்கம்

ஏர்வாடி வழியாக வந்த பேருந்து பாதி வழியில் டயர் வெடித்து நின்றது. ஒன்றரை மணி நேரம் பனைமர நிழலில் காத்திருந்தோம். கூடவே வந்த ஒரு பெண், தன் கூடையிலிருந்து அவித்த பனங்கிழங்கை எடுத்து முன்பின் தெரியாத எங்கள் எல்லாருக்கும் நார் உரித்துக் கொடுத்தார்.

வாலிநோக்கத்தில் தமிழ்நாடு உப்புக் கழகத்தின் உப்பளங்கள் இருக்கின்றன. எனக்கு உப்பு தேவைப்பட்டது. ஈரமானி இல்லாத கிராமத்தில் மக்காச்சோளத்தின் ஈரத்தை அறிய ஒரு எளிய வழி உண்டு. உலர்ந்த கண்ணாடி பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு சோளத்தைப் போட்டு, இரண்டு மூன்று கரண்டி உலர்ந்த உப்பைச் சேர்த்து, ஒரு நிமிடம் நன்றாகக் குலுக்கிக் கால் மணி நேரம் வைக்க வேண்டும். உப்பு கண்ணாடியில் ஒட்டினால் சோளத்தில் 15 சதவீதத்துக்கு மேல் ஈரம் இருக்கிறது, இன்னும் காய வேண்டும். ஒட்டாமல் கீழே இறங்கினால் 15-க்குக் கீழே வந்துவிட்டது. ஆப்பிரிக்காவின் பல நாடுகளில் விரிவாக்கப் பணியாளர்கள் கற்றுக்கொடுக்கும் சோதனை இது. கடலைக்கு இது போதாது, ஏனென்றால் கடலைப் பருப்பு இன்னும் அதிகமாகக் காய வேண்டும். ஆனால் மலாவியில் ஒவ்வொரு வீட்டிலும் சோளம் இருக்கிறது.

உப்பளக் கரையில் வாங்கிய கல்லுப்பை நுணுக்கி, சோளம் எதுவும் போடாத வெறும் பாட்டிலில் போட்டுக் குலுக்கினேன். வெறும் பாட்டிலிலேயே ஒட்டியது. கடற்காற்றில் திறந்து கிடக்கும் கச்சா உப்பில் மக்னீசிய உப்புகளும் கலந்திருப்பதால் அது காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்கிறது. வரப்பில் உப்பு வாரிக்கொண்டிருந்த ஓர் அக்கா என்ன செய்கிறேன் என்று கேட்டு, விளக்கியதும், "சட்டில போட்டு வறுத்துருங்க, பொடபொடன்னு ஆயிரும். ஊறுகாய்க்கு நாங்க அப்படித்தான் செய்வோம்" என்றார். அவர் வீட்டு அடுப்பிலேயே வறுத்து, ஆறவைத்து, மறுபடி குலுக்கினோம். வெறும் பாட்டிலில் ஒரு மணி கூட ஒட்டவில்லை. கடையில் வாங்கி வந்த சோளத்தைப் போட்டுக் குலுக்கினோம், ஒட்டவில்லை. அதே சோளத்தைத் தண்ணீர் தெளித்துத் துணியில் பொதிந்து இரண்டு மணி நேரம் வைத்துவிட்டுக் குலுக்கியபோது, பாட்டிலின் உட்பக்கம் வெள்ளையாக உப்பு அப்பிக்கொண்டது. அக்காவின் இரண்டு பிள்ளைகளும் பாட்டிலைப் பறித்து மாறி மாறிக் குலுக்கினார்கள். மலாவியில் முதலில் வெறும் பாட்டிலைக் குலுக்கிக் காட்டிவிட்டுத்தான் சோதனையைத் தொடங்கப்போகிறேன்.

மார்ச் 10, செவ்வாய் – சாயல்குடி

விடியலில் பதநீர்க்காரர் சைக்கிளில் வந்தார். ஓலைப் பட்டையில் ஊற்றிக் கொடுத்தார், 20 ரூபாய். வானம் மேற்கே கறுத்திருந்தது. "பெய்யாது, பயங்காட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார். ஒன்பது மணிக்குப் பெய்தது.

சாலையோரக் களத்தில் வற்றல் பரப்பியிருந்த குடும்பத்தோடு அப்போது பேசிக்கொண்டிருந்தேன். முதல் துளி விழுந்ததும் பேச்சு அறுந்தது. அந்த வீட்டார், எதிர்வீட்டார், பள்ளிக்கூடம் கிளம்பிய பிள்ளைகள், சாலையில் பைக்கில் போன ஒருவர் வரை எல்லாரும் களத்தில் இறங்கினார்கள். பலகையால் தள்ளி, முறத்தால் அள்ளி, பத்து நிமிடத்தில் முக்கால்வாசியைக் குவித்துத் தார்ப்பாயை இழுத்துவிட்டோம். நனைந்த கால்வாசியை நல்லதோடு கலக்காமல் தனியாக வீட்டுக்குள் விரித்தார்கள். யாரும் சொல்லித்தராமலே அந்த அம்மாள் அப்படிச் செய்ததைக் குறித்துக்கொண்டேன். மழை இருபது நிமிடத்தில் நின்றுவிட்டது. பைக்கில் வந்தவர் தேநீர் கூட வாங்கிக்கொள்ளாமல் போய்விட்டார்.

நனைந்த வற்றலை மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து புரட்டிக்கொண்டே மலாவிப் பேச்சு தொடர்ந்தது. அங்கே நவம்பர் முதல் ஏப்ரல் வரை மழை. அது ஓயும் வேளையில் கடலையைப் பறிக்கிறார்கள், ஆகவே பருவத்தின் கடைசி மழை இப்படித்தான் பறித்த செடியின் மேல் விழும். அதற்கு அங்கே ஒரு நல்ல முறை வழக்கத்துக்கு வந்திருக்கிறது. பறித்த செடிகளைத் தரையில் பரப்பாமல், நடுவில் காற்று மேலேறும் வழி விட்டு, காய் உள்ளே பார்க்கவும் தழை வெளியே பார்க்கவும் வட்டமாக அடுக்கிக்கொண்டே போகிறார்கள். மழை தழையில் வழிந்துவிடும். காய் நிழலில் காற்றில் காயும். படத்தைக் காட்டியதும் களத்துக்கார அம்மாள் வெகுநேரம் பார்த்தார். "மொளகாய இப்படி அடுக்க முடியாது. ஆனா எங்க அம்மா வீட்டுல உளுந்துச் செடியை இப்படித்தான் நடுவுல கம்பு நட்டு அடுக்குவாக" என்றார். கம்பை என்ன உயரத்துக்கு நடுவார்கள், எத்தனை நாள் வைப்பார்கள் என்று கேட்டு எழுதிக்கொண்டேன். அங்கே போய், இங்கே ஒரு தாய் உளுந்தை இப்படி அடுக்கினார் என்று சொல்ல முடியும்.

மதுரைக்குத் திரும்பும் பேருந்துக்குக் காத்திருந்தபோது அழைத்த அமைப்புக்கு நீண்ட மின்னஞ்சல் ஒன்றை எழுதினேன். எனக்காக ஏற்பாடு செய்திருக்கும் படவீழ்த்தியும் திரையும் வேண்டாம் என்றும், அந்தச் செலவில் கிராமத்துக்கு இரண்டு கை உடைப்பான்களை நான் வருவதற்கு முன்பே வரவழைத்து, உடைக்கிற பெண்களிடமே கொடுத்துப் பார்க்கச் சொல்ல வேண்டும் என்றும் கேட்டேன். சில கேள்விகளும் அனுப்பினேன். காயை நனைப்பது யார், எந்த வேளையில்? உடைத்த பருப்புக்குக் கூலியா, பங்கா? உடைந்த பருப்புக்கு எவ்வளவு விலை குறைக்கிறார்கள்? ஒதுக்கிய பருப்பை வீட்டுக்குக் கொண்டுபோகாமல் எண்ணெய்க்கு வாங்கிக்கொள்ள அருகில் யாராவது இருக்கிறார்களா?

இரவு வீடு வந்து சேர்வதற்குள் ஒருங்கிணைப்பாளரிடமிருந்து பதில் வந்துவிட்டது. உடைப்பான்களுக்கு ஒப்புக்கொண்டிருக்கிறார். நனைப்பது பெண்கள்தான், இரவுச் சமையல் முடிந்த பிறகு. ஆனால் அவர்கள் ஊரில் உடைப்பு ஜூன் மாதம்தான் தொடங்குமாம். எனக்குக் குறித்திருக்கும் தேதியோ ஏப்ரல் நடுவில். அந்த நாட்களில் போனால் பறிப்பை மட்டும் பார்ப்பேன், கட்டைவிரல்களைப் பார்க்க மாட்டேன். காய் அடுக்குகளில் காய்ந்துகொண்டிருக்கும் மே கடைசியில் வந்து, உடைப்பு தொடங்கி ஒரு வாரம் ஆகும் வரை தங்கிக்கொள்கிறேன், தேதியை மாற்றித் தர முடியுமா என்று கேட்டு எழுதியிருக்கிறேன்.